அத்தியாயம் 6: ஹெரால்டுக்கு நம்பகமான சஸ்பென்ஷன் சாமான் தேடுவது

ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம் ஊர் வண்டி. 1959-ல் இங்கிலாந்தின் கவன்ட்ரியில் ட்ரையம்ஃப் ஹெரால்டாக அறிமுகமாகி, 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில் தயாரானது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஹெரால்டு நின்று அதன் இடத்துக்கு கேஸல் வந்தது. பிறகு அதுவும் நின்றது. ஆகவே "கம்பெனி ஒரிஜினல் சார், புதுசு" என்று இன்று யாராவது சொன்னால், அது பல பத்தாண்டுகள் பெட்டியில் கிடந்த பழைய இருப்பாக இருக்கும், அல்லது வேறு யாரோ செய்ததாக இருக்கும். இரண்டிலும் நல்ல சாமான் உண்டு. எது எது என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

சாமான் கிடைக்குமா என்ற கவலை வேண்டாம். ஹெரால்டின் முன் சஸ்பென்ஷன் அமைப்பையே ட்ரையம்ஃப் தன் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரிலும் போட்டது. அந்தக் கார் 1962 முதல் 1980 வரை 3 லட்சத்துக்கும் மேல் தயாரானது. லோட்டஸ் கம்பெனியும் தன் சில கார்களுக்கு ட்ரையம்ஃபின் முன்சக்கர பாகங்களையே எடுத்துக்கொண்டது. அந்தக் கார்களை ஓட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அதனால் பாகங்களை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். நம் வேலை, சரியான ஆளிடம் சரியான பெயரைச் சொல்லிக் கேட்பது.

எதை எங்கே வாங்கலாம்

கடை தேடும் முன் சாமானைத் தரம் பிரியுங்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்கிவிட வேண்டும் என்ற ஆசையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். என் கணக்கில் மூன்று தரம்.

*உயிர் காக்கும் சாமான்.* வெர்டிகல் லிங்க், அதன் அடியில் திருகி உட்காரும் ட்ரன்னியன், மேலே இருக்கும் பால் ஜாயின்ட், ஸ்டப் ஆக்ஸில், டை ராட் எண்டு. இவற்றில் ஒன்று உடைந்தால் சக்கரம் மடங்கும், அல்லது ஸ்டியரிங் கையை விட்டுப் போகும். இவற்றை ட்ரையம்ஃப் சாமானுக்கென்றே தொழில் நடத்தும் விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். உள்ளூர் லேத்தில் செய்யச் சொல்லாதீர்கள். விலை கூடுதல்தான். இந்த இடத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

*தேயும் சாமான்.* விஷ்போன் ரப்பர் புஷ், ட்ரன்னியன் நைலான் புஷ், பின்பக்க ரேடியஸ் ஆர்ம் புஷ், ஸ்டியரிங் ராக்கைப் பிடிக்கும் ரப்பர். இவற்றை வெளிநாட்டிலிருந்தும் வரவழைக்கலாம், நல்ல கைகாரர் இருந்தால் இங்கேயும் செய்துகொள்ளலாம்.

*ஸ்பிரிங் சாமான்.* பின்பக்கக் குறுக்குப் பட்டாவும் முன்பக்கக் காயிலும் கனமானவை. கப்பலிலோ விமானத்திலோ வந்தால் சாமான் விலையைவிடச் சரக்குக் கூலி மிஞ்சிவிடும். நம் மாநிலத்திலேயே திறமையான பட்டா பட்டறைகள் இருக்கின்றன. பின்பக்கப் பட்டாவுக்கு அங்கேதான் போக வேண்டும் என்பது என் கருத்து.

படி 1: என்ன போயிருக்கிறது என்று பாருங்கள்

மெக்கானிக் "முன்பக்கம் எல்லாம் போச்சு சார்" என்று சொன்னதை வைத்துக்கொண்டு ஆர்டர் போடாதீர்கள். ஹெரால்டில் பானெட் முழுதும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறப்பதால், பெரும்பாலான கார்களில் கிடைக்காத வசதியோடு நீங்களே பார்க்கலாம்.

1. சமதளமான சிமென்ட் தரையில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள்.
2. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சேசிஸுக்கு அடியில் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் கூடவே கூடாது. சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.
3. சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரை உட்காரவைத்து பிரேக்கை அழுத்தச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். அப்போதும் ஆடினால் ட்ரன்னியன் அல்லது பால் ஜாயின்ட்.
4. இப்போது இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டுங்கள். இங்கே மட்டும் ஆட்டம் என்றால் டை ராட் எண்டு, அல்லது ஸ்டியரிங் ராக்.
5. டார்ச் அடித்து ஒவ்வொரு புஷ்ஷையும் பாருங்கள். ரப்பர் வெளியே பிதுங்கியிருக்கிறதா, வெடித்திருக்கிறதா, நடுக்குழாய் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா?
6. ட்ரன்னியனும் வெர்டிகல் லிங்க்கும் சேரும் இடத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சிவந்த துரு கசிந்திருந்தால் வண்டியை ஓட்ட வேண்டாம். அன்றே கழற்றுங்கள்.

ஆறாவது விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ட்ரன்னியன் பித்தளை நிற உலோகம், உள்ளே மரை வெட்டியது. வெர்டிகல் லிங்க்கின் எஃகு அடிமுனை அதில் திருகி நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சக்கரம் சுழல்கிறது. ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் வண்டி. அப்படியென்றால் அந்த மரை எவ்வளவு தூரம் சுழல வேண்டியிருக்கிறது என்று யோசியுங்கள். அங்கே எண்ணெய் வற்றி, மழைத் தண்ணீர் புகுந்தால் எஃகு மரையில் குழி குழியாகத் துரு விழும். குழியில் கீறல் தொடங்கும். ஒரு நாள், பெரும்பாலும் மெதுவாக வண்டியை ஒடித்துத் திருப்பும்போது, லிங்க் மரையோடு முறியும். சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடங்கிக்கொள்ளும்.

படி 2: உங்கள் வண்டியின் ஜாதகத்தை எழுதுங்கள்

விற்பனையாளர் கேட்கப் போகும் எல்லாவற்றையும் முதலிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.

- சேசிஸ் எண், தயாரான ஆண்டு, இரண்டு கதவா நான்கு கதவா. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும் வந்தது. இங்கிலாந்து விற்பனையாளருக்கு அது தெரியாமல் இருக்கலாம், சொல்லிவிடுங்கள்.
- முன் பிரேக் டிரம்மா, டிஸ்க்கா. சிலர் பின்னாளில் மாற்றியிருப்பார்கள். வெர்டிகல் லிங்க்கோடு சேரும் பாகங்கள் அதைப் பொறுத்து மாறும்.
- பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸிலா, ஒரே தண்டு ஆக்ஸிலா. கேஸலில் ஸ்விங் ஆக்ஸிலை எடுத்துவிட்டுச் சாதாரண ஆக்ஸில் வைத்தார்கள். கேஸல்காரர் பின்பக்கத்துக்கு ஹெரால்டு சாமான் கேட்டால் பணம் வீண்.
- ஒவ்வொரு புஷ்ஷின் வெளிவிட்டம், உள்விட்டம், நீளம். வெர்னியரில் அளந்து மில்லிமீட்டரில் எழுதுங்கள்.
- ஷாக் அப்சார்பர் முழுக்க நீட்டியபோது எவ்வளவு, அழுத்தியபோது எவ்வளவு, கண்ணின் உள்விட்டம் எவ்வளவு.
- ஒவ்வொரு பாகத்துக்கும் ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து எடுத்த போட்டோ.

ஏன் இவ்வளவு அளவு? வண்டிக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. எத்தனை கைகள் மாறியிருக்கும், எத்தனை பட்டறைகளில் "இருக்கிறதை வைத்து ஓட்டிக்கலாம்" என்று வேறு வண்டிச் சாமானை அறுத்துப் பொருத்தியிருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. புத்தகத்தில் இருக்கும் அளவும் உங்கள் வண்டியில் இருக்கும் அளவும் ஒத்துப்போனால்தான் எண்ணைச் சொல்லி ஆர்டர் போடலாம்.

போல்ட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஹெரால்டில் இருப்பது அங்குலக் கணக்கு மரை, பெரும்பாலும் யூ.என்.எஃப். பக்கத்துக் கடையில் கிடைக்கும் மெட்ரிக் போல்ட் இரண்டு சுற்று ஏறி இறுகிவிடும். ஏறிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், மரை கிழிந்துகொண்டிருக்கிறது. சஸ்பென்ஷனுக்கு வாங்கும் அங்குல போல்ட்டின் தலையில் மூன்று கோடாவது இருக்க வேண்டும். அது கிரேடு 5-இன் அடையாளம். மொட்டைத் தலை போல்ட்டைக் கையில் எடுக்காதீர்கள்.

படி 3: பாக எண்ணைக் கண்டுபிடியுங்கள்

ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் ஒவ்வொரு பாகத்துக்கும் எண் கொடுத்திருந்தது. பழையவை பெரும்பாலும் ஆறு இலக்கம். பின்னாளில் எழுத்தும் எண்ணும் கலந்து வந்தன. ட்ரையம்ஃப் ஹெரால்டின் பாகப் பட்டியல் புத்தகம் மறுபதிப்பாகக் கிடைக்கிறது. இங்கிலாந்தின் பெரிய விற்பனையாளர்கள் தங்கள் இணையப் பக்கத்தில் பாகங்களைப் பிரித்துப் போட்ட வரைபடத்தோடு எண்ணையும் தருகிறார்கள். அந்தப் படத்தில் உங்கள் போட்டோவை ஒப்பிட்டு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். "முன்பக்கக் கீழ்ப்பக்க புஷ்" என்று கேட்பவருக்குக் கடைக்காரர் கைக்கு வந்ததைக் கொடுப்பார். எண் சொல்லிக் கேட்டால் ஒன்று அந்தச் சாமானை எடுப்பார், இல்லையென்றால் இல்லை என்பார்.

எண் தேடும்போது மூன்று இடத்தில் தடுமாறுவார்கள்.

- *விட்டெஸ், ஜி.டி.6.* ட்ரையம்ஃபின் இந்தக் கார்களும் அதே குடும்பம்தான். ஆனால் ஆறு சிலிண்டர் எஞ்சினின் கனத்தைத் தாங்க முன்பக்க லிங்க்கும் ட்ரன்னியனும் பெரிதாக இருக்கும். படத்தில் ஒரே மாதிரி தெரியும், பொருந்தாது.
- *ஸ்பிட்ஃபயர் காயில்.* லிங்க்கும் ட்ரன்னியனும் பொதுவாக இருக்கிறதே என்று ஸ்பிரிங்கையும் வாங்காதீர்கள். ஸ்பிட்ஃபயர் தாழ்வான, லேசான கார். அதன் ஸ்பிரிங்கை ஹெரால்டில் போட்டால் முன்பக்கம் அமர்ந்துவிடும். நம் ஊர் வேகத்தடை ஒவ்வொன்றிலும் அடி தட்டும்.
- *ஸ்விங் ஸ்பிரிங்.* 1970-க்குப் பிந்தைய ஸ்பிட்ஃபயரில் பின்பக்கப் பட்டாவின் மேல்பகுதி பட்டைகள் டிஃபரன்ஷியலின் மேல் ஊஞ்சல் போல் ஆடும்படி செய்தார்கள். ஹெரால்டில் பட்டா அப்படியே இறுக்கப்பட்டது. இரண்டும் வேறு வேறு.

படி 4: விற்பனையாளர்களைத் தேடுங்கள்

இங்கிலாந்தில் லிங்கனில் இருக்கும் ரிம்மர் பிரதர்ஸ், கவன்ட்ரிக்குப் பக்கத்தில் இருக்கும் கேன்லி கிளாசிக்ஸ் ஆகியவை ட்ரையம்ஃப் சாமானுக்குப் பெயர் பெற்ற இடங்கள். கேன்லி என்பதே ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் ஆலை இருந்த பகுதியின் பெயர். ட்ரையம்ஃப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப், கிளப் ட்ரையம்ஃப் என்ற உரிமையாளர் சங்கங்களும் இருக்கின்றன. எந்த மறுதயாரிப்புச் சாமான் நிற்கிறது, எது சீக்கிரம் போகிறது என்பதெல்லாம் சங்கத்துக்காரர்களுக்கு அத்துப்படி. உறுப்பினர் சந்தா கொடுத்துச் சேர்ந்துகொள்ளுங்கள், ஒரு தவறான ஆர்டரில் போகும் காசு மிச்சமாகும்.

சென்னையில் புதுப்பேட்டைக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கும் போக வேண்டும். பெங்களூரில் ஜே.சி. ரோடு. பழைய இருப்பும், பிரித்த வண்டிச் சாமானும் இந்தத் தெருக்களில் சில நேரம் கிடைக்கும். எங்கோ ஒரு அட்டத்தில் ஸ்டான்பார்ட் பெட்டி தூங்கிக்கொண்டிருக்கும். ஸ்டான்பார்ட் என்பது ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் தன் சாமானுக்கு வைத்த பெயர். பெட்டியைப் பார்த்ததும் மனம் துள்ளும். பெட்டி மட்டும் ஒரிஜினலாக இருந்து உள்ளே வேறு சாமான் இருக்கலாம், ஆகையால் திறந்து அளந்து பாருங்கள்.

பழைய இருப்பில் எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதற்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். வெறும் உலோகம் என்றால், துருவும் கீறலும் இல்லாதபோது வாங்கலாம். ரப்பர் என்றால் வேண்டாம். நாற்பது வருடம் அட்டத்து வெயிலில் வெந்த ரப்பர் பார்க்கப் புதிதாக இருக்கும். போட்ட சில மாதத்தில் வெடிக்கும். ஷாக் அப்சார்பரும் அப்படித்தான், உள்ளே சீல் காய்ந்திருக்கும்.

பிரித்த வண்டியிலிருந்து வெர்டிகல் லிங்க் கிடைத்தால் வாங்கவே வேண்டாம். அதன் மரை எத்தனை மழை பார்த்தது என்று விற்பவருக்கும் தெரியாது. விஷ்போன், பிராக்கெட் போன்றவை வளைவு இல்லாமல் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற பழைய கார் ஆர்வலர் அமைப்புகளின் கண்காட்சிக்குப் போய், ஓடுகிற நிலையில் இருக்கும் ஹெரால்டின் உரிமையாளரிடம் பேசுங்கள். "எங்க வாங்குனீங்க?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். "போட்டு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு? மறுபடி மாத்த வேண்டி வந்ததா?" என்று கேளுங்கள். கடை பெயரைவிட இந்தப் பதில்தான் உங்களுக்கு வேண்டியது.

படி 5: கேள்வி கேட்டுச் சோதியுங்கள்

பணம் கொடுக்கும் முன் போனில் ஒரு சோதனை வையுங்கள். உங்களுக்குப் பதில் தெரிந்த கேள்வியைக் கேளுங்கள்.

"அண்ணே, ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு முன்னாடி ட்ரன்னியன் இருக்கா?"

"இருக்கு சார், வாங்க."

"லெஃப்ட்டுக்கு ஒண்ணு, ரைட்டுக்கு ஒண்ணு வேணும்."

"எல்லாம் ஒரே பீஸ்தான் சார். எந்தப் பக்கம் வேணும்னாலும் போட்டுக்கலாம்."

இந்த இடத்தில் நன்றி சொல்லிப் போனை வைத்துவிடலாம். இடது பக்க லிங்க்குக்கு இடது மரை, வலது பக்கத்துக்கு வலது மரை. இரண்டும் மாற்றிப் பொருந்தாது. இதை அறியாதவர் ஹெரால்டு ட்ரன்னியனை விற்றுப் பழகியவர் அல்ல. அவர் கெட்டவர் என்று அர்த்தமில்லை. வேறு சாமானுக்கு அவரிடம் போகலாம், இதற்குப் போகக் கூடாது.

விவரமானவர் வேறு மாதிரி பேசுவார். "எந்த வருஷ வண்டி? லிங்க்கும் சேர்த்து மாத்துறீங்களா, ட்ரன்னியன் மட்டுமா? பழைய லிங்க்குல மரை எப்படி இருக்கு?" என்று உங்களையே கேட்பார். தேய்ந்த லிங்க்கில் புது ட்ரன்னியன் போட்டால் பயனில்லை என்று அவருக்குத் தெரியும்.

இன்னும் கேட்க வேண்டியவை:

- தயாரித்தவர் யார், எந்த நாடு?
- விற்கப் போகும் அதே சாமானின் போட்டோ அனுப்ப முடியுமா? விளம்பரப் படம் வேண்டாம்.
- பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பீர்களா? அனுப்பும் கூலி யார் தலையில்?
- பில்லில் பாக எண்ணைக் குறித்துத் தருவீர்களா?

நான்காவது கேள்விக்கு மழுப்பினால் வாங்காதீர்கள். எண் இல்லாத பில்லை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது.

படி 6: சின்ன ஆர்டரில் தொடங்குங்கள்

புது விற்பனையாளரிடம் முழு முன்பக்க செட்டையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். ட்ரன்னியன் புஷ் செட் போல விலை குறைந்த, அளந்து பார்க்கக்கூடிய ஒன்றை வரவழையுங்கள். சொன்ன நாளில் வந்ததா, சொன்ன எண்தான் வந்ததா, பொதி ஒழுங்காக இருந்ததா என்று பாருங்கள். பிறகு அளந்து பாருங்கள்.

வெளிநாட்டு ஆர்டருக்குச் சில நடைமுறைகள்:

1. இங்கிலாந்துக் கடைகளின் விலையில் அந்நாட்டு வாட் வரி 20 சதவீதம் சேர்ந்திருக்கும். நாட்டுக்கு வெளியே அனுப்பும் சாமானுக்கு அது கிடையாது. கழித்த விலையா என்று கேளுங்கள்.
2. இங்கே சுங்க வரியைச் சாமான் விலைக்கு மட்டும் போடமாட்டார்கள். சரக்குக் கூலியும் காப்பீடும் சேர்ந்த தொகைக்குப் போடுவார்கள், அதற்கு மேல் ஐ.ஜி.எஸ்.டி. வரும். கார் சஸ்பென்ஷன் பாகங்கள் 8708 80 என்ற சுங்கத் தலைப்பில் வருகின்றன. ஆர்டருக்கு முன் அந்த எண்ணுக்கு இன்றைய விகிதம் என்ன என்று பார்த்து, கூட்டிக் கணக்குப் போடுங்கள்.
3. கூரியர்காரர் ஆதார், பான் விவரம் கேட்பார். உடனே கொடுங்கள், தாமதித்தால் கிடங்குக் கட்டணம் ஏறும்.
4. "பில்லில் விலையைக் குறைத்துப் போடுங்கள்" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அது குற்றம். பொதி தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் கிடைக்கும்.
5. ட்ரன்னியனையும் பால் ஜாயின்ட்டையும் புஷ்களையும் ஒரே பொதியாக வரவழையுங்கள். கூலி எடைக்குத்தான், ஆனால் சிறிய பொதிக்கும் அடிப்படைக் கட்டணம் உண்டு.

படி 7: உள்ளூரில் செய்யும்போது

நைலான் புஷ்ஷைக் கடைசல் பட்டறையில் செய்யலாம். கோயம்புத்தூரிலும் அம்பத்தூரிலும் நுணுக்கமாகக் கடையும் கைகள் ஏராளம். பழைய புஷ்ஷை மாதிரியாகக் கொடுக்காதீர்கள், அது தேய்ந்தது. நீங்கள் எழுதிய அளவையும், அது உட்காரும் துளையையும், உள்ளே போகும் எஃகுக் குழாயையும் கையோடு கொண்டுபோங்கள். குழாய் புஷ்ஷுக்குள் விரலால் தள்ளினால் போக வேண்டும், ஆனால் ஆடக் கூடாது.

ரப்பர் புஷ் செய்பவரிடம் கடினத்தன்மையைக் கேளுங்கள். ஷோர் ஏ அளவில் 60 முதல் 70 வரை என்றால் சரி. கணக்கே தெரியாமல் "நல்ல கெட்டி ரப்பர் சார்" என்பவரிடம் செய்யாதீர்கள். பாலியூரித்தேன் புஷ் ரப்பரைவிட நெடுநாள் உழைக்கும், ஆனால் சாலையின் ஒவ்வொரு கல்லையும் உள்ளே சொல்லும். தினமும் ஓட்டாத வண்டிக்கு நான் ரப்பரையே சொல்வேன்.

பின்பக்கப் பட்டாவுக்கு லாரித் தொழில் செழித்த நாமக்கல், சங்ககிரி பக்கம் கைதேர்ந்த பட்டறைகள் உண்டு. அங்கே போனதும் ஒன்றைக் கேளுங்கள்: "வளைவு கொடுக்கிறது சுத்தியலாலா, காய்ச்சி எண்ணெயில விட்டு மறுபடி பதம் பண்ணுவீங்களா?" வெறுமனே அடித்து வளைத்த பட்டா சில மாதத்தில் பழையபடி படுத்துவிடும். காய்ச்சிப் பதம் பார்ப்பவரிடம் கொடுங்கள். மெயின் பட்டாவில் கீறல் இருந்தால் புதிதே போட வேண்டும். ஈ.என். 45 போன்ற ஸ்பிரிங் எஃகு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கீறலை வெல்டு வைத்து அடைத்துத் தந்தால் ஏற்காதீர்கள். வெர்டிகல் லிங்க்குக்கும் இதே விதி. அதன் மேல் வெல்டிங் ராடு படவே கூடாது.

படி 8: வந்த சாமானைச் சோதியுங்கள்

பொதியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். பிறகு மேசையில் வெள்ளைத் துணி விரித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

1. பெட்டியிலும் பில்லிலும் நீங்கள் கேட்டதிலும் எண் ஒன்றா?
2. வெர்டிகல் லிங்க்கின் மரையில் நகத்தை ஓட்டுங்கள். முழு நீளத்துக்கும் வழுவழுப்பாக ஓட வேண்டும். பிசிறோ கருத்த புள்ளியோ இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.
3. மரையில் கொஞ்சம் கியர் ஆயில் தடவி ட்ரன்னியனைக் கையால் திருகுங்கள். முழுக்க ஒரே சீராக ஏற வேண்டும். பாதி ஏறியதும் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் கூடாது. ஸ்பேனர் போட்டுத்தான் ஏறுகிறது என்றாலும் நிராகரியுங்கள்.
4. ட்ரன்னியனைத் தனியாக நிமிர்த்தி, உள்ளே கியர் ஆயில் நிரப்பி, செய்தித்தாள் மேல் ஒரு இரவு வையுங்கள். அதன் அடி மூடியில் கசிவு இருந்தால் காலையில் தாளில் வட்டமாக எண்ணெய் ஊறியிருக்கும். கசியும் ட்ரன்னியன் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம், உள்ளே எண்ணெய் தங்காது.
5. பால் ஜாயின்ட் கையால் அசைக்கும்போது ஒரே சீரான இறுக்கத்தோடு நகர வேண்டும். லொடலொடப்பும் கூடாது, இடையில் சிக்கவும் கூடாது. ரப்பர் உறையை விரலால் மடக்கிப் பாருங்கள். மடிப்பில் வெள்ளைக் கீற்று விழுந்தால் அந்த ரப்பர் நிற்காது.
6. இடது வலது காயில்களை அருகருகே நிறுத்தி உயரத்தை ஒப்பிடுங்கள்.

குறை இருந்தால் அன்றே போட்டோவோடு எழுதுங்கள். ஒருமுறை வண்டியில் ஏற்றிவிட்ட சாமானை எந்தக் கடையும் திருப்பி எடுக்காது. குறை சொன்னதும் விற்பனையாளர் எப்படி நடந்துகொள்கிறார் என்று கவனியுங்கள். வாக்குவாதம் இல்லாமல் மாற்றித் தருபவரின் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த ஆர்டரும் அவருக்கே.

மாட்டும்போது நல்ல சாமானும் கெட்டுப்போகும் இடங்கள்

மாட்டும் வேலை அடுத்த அத்தியாயத்தில் விரிவாக வருகிறது. சரியான சாமான் வாங்கியும் வீணாக்கும் சில தவறுகளை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழி விற்பனையாளர் மேல் விழுந்து நல்ல தொடர்பு ஒன்று அறுந்துபோகும்.

- *காயில் ஸ்பிரிங்.* அழுத்தப்பட்ட காயில் கை விரலையும் முகத்தையும் பதம் பார்க்கும். முறையான ஸ்பிரிங் கம்ப்ரசர் இரண்டை எதிரெதிரே போட்டுத்தான் பிரிக்க வேண்டும். கயிறு, கட்டுக்கம்பி, "நாலு பேர் பிடிச்சுக்கலாம்" எதுவும் கூடாது. கருவி இல்லையென்றால் இந்த ஒரு வேலையைப் பட்டறையில் கொடுங்கள்.
- *ரப்பர் புஷ் போல்ட்.* சக்கரம் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதத்தில் கிழியும். கையால் ஏற்றிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, எடை சக்கரத்தில் விழுந்த பிறகு இறுக்குங்கள்.
- *ட்ரன்னியன் அளவு.* லிங்க்கை அடி முட்டும்வரை திருகி அப்படியே மாட்டக் கூடாது. முட்டியதும் சற்றே பின்வாங்கி, ஸ்டியரிங் இரண்டு பக்கமும் முழுதாக ஒடியும்போது அடியில் இடிக்காத நிலையில் வையுங்கள்.
- *ஷிம்.* கீழ் விஷ்போன் பிராக்கெட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவே மெல்லிய தகடுகள் இருக்கும். எந்த இடத்தில் எத்தனை என்று எழுதிக் கட்டி வையுங்கள். சக்கரத்தின் சாய்வு அதில்தான் நிற்கிறது.
- *நைலாக் நட்.* ஒருமுறை கழற்றியதை மறுபடி போடாதீர்கள். ஆர்டரிலேயே புது நட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.
- *எண்ணெய்.* ட்ரன்னியனுக்கு ட்ரையம்ஃப் சொன்னது ஈ.பி. 90 கியர் ஆயில். சர்வீஸ் ஸ்டேஷனில் பழக்க தோஷத்தில் கிரீஸ் கன்னை வைத்துவிடுவார்கள். கிரீஸ் மேலே கெட்டித்துப்போய் அடி மரைக்கு இறங்காது. எண்ணெய் அடிக்கும் கன் ஒன்றைச் சொந்தமாக வாங்கி டிக்கியில் வையுங்கள். ட்ரன்னியனின் மேல்புறம் புது எண்ணெய் கசிந்து வரும்வரை அடியுங்கள். கையேட்டில் 6,000 மைலுக்கு ஒருமுறை என்று இருக்கும். நம் மழைக்கு அது போதாது. ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை கட்டாயம்.

மாட்டி முடித்ததும் வீல் அலைன்மென்ட் பாருங்கள். 200 கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா நட்டையும் ஒருமுறை சரிபாருங்கள். அந்த இடைவெளியில் நெடுஞ்சாலை வேகம் வேண்டாம். பில்லையும், சாமான் போட்ட தேதியையும், அன்றைய கிலோமீட்டரையும், விற்பனையாளர் பெயரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு வருடம் கழித்து இன்னொரு ஹெரால்டுக்காரர் "எங்க வாங்குனீங்க?" என்று உங்களிடம் கேட்கும்போது, கடையின் பெயரோடு சாமான் எத்தனை கிலோமீட்டர் நின்றது என்பதையும் அந்த நோட்டைப் பார்த்துச் சொல்லலாம்.